என் அண்ணனின் எடைக்கு ஓர் அரிசி மூட்டை

என் வீட்டுக்காரர் மாக் யூ-கேனுக்கு இடுப்புக்கு மேலே ஒன்றுமே கிடையாது. தோள் ஒடுங்கி, மார்பு குழிந்து, சட்டை கொடியில் காய்வது போலத் தொங்கும். இடுப்புக்குக் கீழே பார்த்தால் ஆள் வேறு. எங்கள் நம்ஹாய்ப் பகுதி மீன் குளங்களில் சேறு வாரிச் சுமப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. ஆனால் அந்தத் தொடைகள் சேறு சுமந்து வந்தவை அல்ல, நின்று நின்றே வந்தவை.

விடிந்ததும் முற்றத்தில் ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பார். கால்களை அகட்டி, இல்லாத குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி தாழ்ந்து நிற்பார். பத்தி எரிந்து முடியும்வரை எழ மாட்டார். நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்.

"ஏன்யா, வயித்துக்கு ஏதும் சரியில்லையா? கொல்லைப் பக்கம் போயி உக்காரேன்!"

"வாய மூடிக்கிட்டுக் கஞ்சியக் கிண்டு."

"எதுக்குத்தான் இப்படி நிக்கிறியோ! ஒருத்தன அடிச்சிருக்கியா, உதைச்சிருக்கியா?"

"உங்கண்ணன் விழாம இருக்கத்தான் நிக்கிறேன். போ."

ஊர்ச் சண்டைப் பயிற்சிக் கூடத்தில் மற்றவர்கள் குத்துக்கும் உதைக்கும் அடித்தளமாகத்தான் இந்தக் குதிரை நிலையைப் பழகினார்கள். இவர் ஒருவரையும் ஒரு குத்து குத்தியதில்லை. புத்தாண்டில், இரண்டு பேர் உள்ளே நின்று ஆடுகிற கூடத்துத் துணிச் சிங்கம் தெருவில் இறங்கும்போது துணிக்குள் குனிந்து கிடக்கிற வால்காரர் இவர். சிங்கத்தின் தலையைப் பிடிப்பவன் என் அண்ணன் ஹோ பாக்-தோங். கடைவாசலில் உயரத்தில், பணம் வைத்த சிவப்புக் காகிதப் பொட்டலத்தோடு லெட்டூஸ் கீரையைத் தொங்கவிட்டிருப்பார்கள். தலைக்காரன் எம்பிக் குதிக்க, வால்காரன் அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்துத் தூக்கித் தன் தொடைமேல் நிறுத்த, சிங்கம் கீரையைக் கவ்வும். கைதட்டு முழுக்கத் தலைக்காரனுக்குத்தான். வால்காரன் முகத்தை யார் பார்த்தார்கள்?

எல்லாக் கூடத்திலும் தலைக்காரன் ஒல்லி, வால்காரன் தடியன். எங்கள் ஊரில் தலைகீழ். என் அண்ணன் வறுத்த பன்றிக்கறி விற்கிறவன். விற்றது பாதி, தின்றது பாதி. புத்தாண்டுக்கு ஒரு மாதம் முன்பே அண்ணன் தன் கடையில் முழுப் பன்றியை நிறுக்கிற தராசில் தொங்குவான். தெருவே கூடிவிடும்.

"மாப்ள, இந்த வருசம் என்னடா சொல்லுது முள்ளு?"

"மச்சான், உன்ன வித்தா எனக்கு ரெண்டு எருமை வாங்கலாம்."

அந்த எடைக்கு ஒரு மூட்டையில் அரிசி கட்டி, அதைத் தொடைமேல் ஏற்றிக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் நிற்பார். அண்ணன் கூடினால் மூட்டையிலும் அரிசி கூடும். "உன் அண்ணன் தின்னத் தின்ன நம்ம பானை காலியாகுது" என்பார். ஆனால் அண்ணனை அவர் ஒருமுறைகூடக் கீழே விட்டதில்லை.

பிறகு அண்ணனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. நகரத்து வைத்தியர் திறந்து பார்த்து, அப்படியே மூடி அனுப்பிவிட்டார். அந்த மலை மாதிரி மனுசன் மூங்கில் நாற்காலியில் ஒரு ஓரமாய்ச் சுருங்கி உட்கார்ந்திருப்பான். ஊரார் அவனோடு மெதுவாகப் பேசினார்கள், மெதுவாகத் தொட்டார்கள். கடையை மகள் யீ-சான் பார்த்துக்கொண்டாள்.

புத்தாண்டு நெருங்கியபோது அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "என் கடை வாசல்ல, என் மவ கட்டுற கீரைய நானே ஒருக்கா எடுக்கணும்." கூடத்துத் தலைவர் சாம் ஒரேயடியாக மறுத்தார். என் வீட்டுக்காரர் எழுந்து, "நான் நிக்கிறேன். அவன் ஏறட்டும்" என்றார். சாம் சரியென்று தலையாட்டினார்.

ஆனால் அந்த வருடம் தராசைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. எப்படிப் பேசுவது? சாகக் கிடக்கிறவனைப் போய், வா, பன்றித் தராசில் தொங்கு என்று எந்த வாயால் கூப்பிடுவது? என் வீட்டுக்காரர் பழைய மூட்டையை வைத்தே பழகினார். "கொஞ்சம் அரிசிய எடுத்துரலாமேய்யா" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூட்டையில் கை வைத்தால் அண்ணனையே குறைப்பது போல அவருக்கு இருந்திருக்கும்.

அன்று தெரு கொள்ளவில்லை. முரசு முழங்க, சிங்கத் தலையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் நாலடி வைத்ததுமே கண்ணீர் என் கண்ணை மறைத்தது. கடை வாசலுக்கு வந்தார்கள். கீரைக்குக் கீழே அண்ணன் எம்பினான். துணிக்குள்ளே குனிந்திருந்தவருக்கு என்ன தெரியும்? கச்சையைப் பிடித்தார். வருடக்கணக்காய்த் தூக்கின கனத்துக்குத் தூக்கினார்.

அண்ணன் காகிதம் மாதிரி மேலே போனான். அவன் கால் தொடையில் படவேயில்லை. தோளையும் தாண்டி வாசல் கல்லில் போய் விழுந்தான். முரசு நின்றது. சிங்கத் தலை ஒரு பக்கம் உருண்டு கிடக்க, இடுப்பெலும்பு முறிந்து அவன் கிடந்தான். கையில் கீரை இருந்தது.

நான் பாய்ந்துபோய் என் வீட்டுக்காரர் மார்பில் குத்தினேன். "கொன்னுட்டியேய்யா! எங்கண்ணனக் கொன்னுட்டியே!" அவர் கைகளை விரித்துக்கொண்டு அப்படியே தாழ்ந்து நின்றார். "அவன் கனக்கவே இல்ல புள்ள" என்றார். "அவன் கனக்கவே இல்ல."

வால்காரன் விட்டுவிட்டான் என்று ஊர் பேசியது. விடவில்லை, விடவில்லை என்று நான் யார் வாயை அடைப்பது? மறுநாள் முற்றத்தில் ஊதுபத்தி எரியவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூட்டையை அவிழ்த்து அரிசியைப் பானையில் கொட்டினார். அந்த மாதம் அதைத்தான் சாப்பிட்டோம். எனக்கு ஒரு வாய்கூட ருசிக்கவில்லை.

என்னாலேயே பொறுக்க முடியாமல், "போயி நில்லேன்யா, பழையபடி" என்று கெஞ்சினேன்.

"ஏறுறதுக்கு ஆள் இல்ல. எதுக்கு நிக்க?"

அண்ணனைப் பார்க்கவும் போக மாட்டேன் என்றார். கடைசியில் அண்ணனே ஆள் அனுப்பினான். இவர் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, துணிக்குள்ள இருக்கிற மாதிரியே குனிஞ்சிருக்க? நிமிர்ந்து பாரு" என்றான் அண்ணன்.

"மச்சான், நான்..."

"சும்மா இருடா. ஊரே என்னக் கோழி முட்டை மாதிரிப் பிடிக்குது. என் மவகூட ரெண்டு விரலாலதான் தொடுறா. அன்னிக்கு நீ ஒருத்தன்தான் என்ன முழு ஆளாத் தூக்குன." சிரிக்கப் பார்த்தான், வலி விடவில்லை. "நல்லாத்தான் பறந்தேன். கீரைய விட்டனா?"

இவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை போல அழுதார். நானும் வெளியே வந்து அழுதேன். குளிர் குறைந்து மழை பிடித்த வாரத்தில் அண்ணன் போய்விட்டான்.

உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே சவப்பெட்டியை வாங்கி வைத்திருந்தான், கெட்டி மரத்தில். அதைத் தூக்கினவர்கள் குளக்கரை வரப்பில் திணறிப் போனார்கள். இடுகாடு போய்ச் சேரும்வரை பெட்டி மண்ணைத் தொடக் கூடாது. இளைப்பாறும்போது இரண்டு பெஞ்சுகளில்தான் இறக்கி வைப்பார்கள். மழை ஊறின கரையில் முன்பக்கத்துப் பெஞ்சு சேற்றில் அமிழ்ந்து சாய்ந்தது. பெட்டி தலைப்பக்கமாகச் சரிந்தது. "ஐயோ, மண்ணு! மண்ணு!" என்று யீ-சான் அலறினாள்.

பின்னால் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார். பெஞ்சைக் காலால் எத்திவிட்டார். சேற்றில் கால்களை அகட்டி ஊன்றித் தாழ்ந்தார். பெட்டியின் தலைப்பக்கம் அவர் தொடைமேல் வந்து அமர்ந்தது. தூக்கினவர்கள் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, வேறு பெஞ்சுக்கு ஆள் அனுப்பினார்கள். முழங்கால்வரை சேறு. அவர் அசையவில்லை.

நான் பக்கத்தில் போய், "முடியுமாய்யா? ரொம்பக் கனக்குதா?" என்றேன்.

பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரியா இருக்கான் புள்ள," என்றார். "பழைய எடைக்கு வந்துட்டான்."