நெவ்யானாவிடம் நூல் வைக்கக் கூடாது

நெவ்யானா பேசும்போது வாயில் குண்டூசி இருக்கும். ஒன்றல்ல, ஒரு வரிசை. உதட்டோரத்தில் அவற்றைக் கவ்விக்கொண்டே ஊர் வம்பு முழுவதும் கேட்பாள், பதில் சொல்வாள், வாய்விட்டுச் சிரிக்கவும் செய்வாள். இதுவரை ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

"விழுங்கினா உனக்குத்தான் கொண்டாட்டம் கின்கா அக்கா. ஒரு வாரத்துக்கு வச்சுப் பேசுவே" என்பாள்.

பேசுவேன்தான். பேருந்து நிலையத்தில் அவள் தையல் கடைக்கும் என் பெட்டிக்கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. காபி, சிகரெட், சூரியகாந்தி விதை மூன்றுக்கும் காசு வாங்குவேன். அடுத்தவர் சங்கதி என்னிடம் இலவசம்.

நெவ்யானா நல்ல உயரம். நீல மேலங்கி, அதில் பொத்தான் வைத்த மார்புப் பை. தலைநகர் சோபியாவிலிருந்து வரும் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினால், அவர் இடுப்பளவை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அப்புறம், "அந்த பேன்ட் அவரோடது இல்ல, அண்ணன்து" என்பாள். ஜிப் மாற்றுவது, ஓரம் அடிப்பது, பழைய கோட்டைச் சின்னதாக்குவது இவைதாம் வேலை. அந்தக் காலத்துக் கோட்டுகளின் தோளில் தலையணை மாதிரி பேடு வைத்திருப்பார்கள். இப்போது எல்லாரும் அதை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்த பேடுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். குப்பையில் போடேன் என்றால், "இருக்கட்டும், என்னைக்காவது தோளே இல்லாதவ ஒருத்தி வருவா" என்பாள்.

இந்த இலையுதிர் காலத்தில், ஊரே குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது உதிரப்போக்கு பற்றிச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பால் ஊறும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில் மார்பு கல்லாகிவிட்டது. புருஷன் லாசார் லாரியோடு எங்கோ எல்லையில் நின்றிருந்தான். எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, சட்டை நனையுது. யாருக்குன்னு வருது இது?"



அவள் மாமியார் படுக்கை விரிப்பைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டினாள். அரை நாளில் மூச்சு முட்டியது. அப்புறம் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து கட்டை அவிழ்த்தாள். "ஆள மூட்டையா கட்டி வச்சிருக்கீங்களே! கச்சிதமான பாடி போட்டாப் போதும். குளிர்ந்த துணி வை. வெந்நீர் மேல படவேண்டாம். தாங்க முடியலைன்னா கொஞ்சமா பீச்சி விடு, பாரம் குறையிற அளவுக்குத்தான். முழுசா எடுத்தா இன்னும் ஊறும். சிவந்து காய்ச்சல் வந்தா உடனே வா."

என் பங்குக்குக் குளிர்ந்த கோஸ் இலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாடிக்குள் வைத்துக்கொண்டால் வலி மட்டுப்படும். எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஊறுகாய்ப் பீப்பாய் பாதிதான் நிறைந்தது. லாசார் வந்து இறங்கியதும் கோஸ் வாசத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு, "யாரு சமைச்சா?" என்று கேட்டானாம். "யாரும் சமைக்கல. நான்தான் வெந்துக்கிட்டிருக்கேன்" என்றாளாம் இவள். அவன் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதான் என்று மாமியார் சொன்னாள்.

வீட்டில் உட்கார முடியவில்லை என்று சீக்கிரமே கடையைத் திறந்துவிட்டாள். முதல் வேலையாகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, இரண்டு பேடுகளுக்கு மெத்தென்ற துணியில் உறை தைத்து, பால் கசிந்தால் உறிஞ்சப் பாடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"தோளுக்குன்னு சேத்து வச்சது. கொஞ்சம் கீழ இறங்கிருச்சு, அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்தில், பால் கொடுக்கிறவளைப் பார்க்கப் போனால், கிளம்பும்போது உடுப்பிலிருந்து ஒரு நூலை உருவி அங்கே வைத்துவிட்டு வரவேண்டும். நூல் இருந்தால் பால் அவளிடமே நிற்கும், இல்லாவிட்டால் நம்மோடு வந்துவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய கை, யோசிக்காமலே போகும். துக்கம் விசாரிக்க வந்த டிக்கெட் கவுன்டர் ராத்காவின் கையும் அப்படித்தான் தன் ஸ்வெட்டர் ஓரத்துக்குப் போனது.

"சித்தி, கையை எடுங்க! ஒரு நூல் இங்க விழக்கூடாது. போகும்போது பாலையும் சேத்து எடுத்துட்டுப் போங்க."

"அடிப்பாவி, எனக்கு அறுபத்தி மூணு வயசுடி!"

"அப்ப சித்தப்பாவுக்குக் குடுங்க."

அன்றிலிருந்து யார் வந்தாலும் வாசலில் சோதனை. கோட்டைப் பிரஷ்ஷால் தட்டுவாள். தொங்குகிற நூலை நறுக்கி அவர்கள் பைக்குள்ளேயே திணிப்பாள்.

"தரை பூரா நூலாக் கெடக்கு. இதுல வந்தவங்க வச்சது எதுன்னு கண்டுபிடிப்பியா?" என்று சந்து வழியாகக் கேட்டேன்.

"என் நூல் எனக்குத் தெரியும்."

பால் குறையத் தொடங்கியது. ஒரு நாள் சாயங்காலம் பேடை எடுத்து வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"நின்னுடும் போலருக்கு."

"நல்லதுதானேடி?"

"நல்லதுதான்."

வாயில் ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

போன வியாழக்கிழமை அல்பேனா என்று ஒரு பெண் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, இங்கத்து நடப்பு தெரியாது. கைக்குழந்தைக்காரி. மார்பு பெருத்துக் கோட்டுப் பொத்தான் எட்டவில்லை, பிரித்துத் தைக்க வேண்டும். குழந்தை தள்ளுவண்டியில் தூங்கியது. நெவ்யானா கோட்டில் பாதி ஊசி குத்தியிருப்பாள், அது விழித்துக்கொண்டு வீறிட்டது.

நீல மேலங்கியில் இரண்டு இடம் கருத்து நனைந்தது. நான் பார்த்தேன். அல்பேனாவும் பார்த்தாள்.

"உங்களுக்கும் கைக்குழந்தையா அக்கா?"

"ம். பொண்ணு."

"பேரு என்ன வச்சிருக்கீங்க?"

நெவ்யானா டப்பியிலிருந்து ஒரு பிடி ஊசியை அள்ளி, ஒவ்வொன்றாக உதட்டில் அடுக்கினாள். "அந்தப் பக்கம் திரும்பும்மா" என்றாள்.

வேலை முடிந்தது. அல்பேனா கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். போகிற போக்கில், பழக்க தோஷம், சால்வையிலிருந்து மஞ்சள் கம்பளி இழை ஒன்றை உருவித் தையல் மெஷின் மேல் வைத்தாள். ராத்காவுக்கே அந்தப் பேச்சு என்றால் இவளுக்கு என்ன கிடைக்கும் என்று நான் சந்தில் காதை வைத்தேன்.

சத்தமே இல்லை. கண்ணை வைத்துப் பார்த்தேன். நெவ்யானா அந்த இழையை எடுத்து, மெஷினில் நூல் சுற்றும் ஒரு வெற்று பாபினில் நுனி வரை சுற்றி, மார்புப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.