கருகல் வாடைக்கு ஒரு பட்டியல்

முதல் நாள் அந்த வாடை வந்தபோது நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் இருந்தோம். அதனால் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வாடை உண்டு. ஒன்றில் ரப்பர், அடுத்ததில் பெயிண்ட், அதற்கும் அடுத்ததில் லேத் பட்டறை எண்ணெய். பழைய காகிதம் கருகுவது போன்ற இந்தப் புதிய வாடைக்கு, தினமும் என் காரில் வரும் தோழி உடனே ஒரு முகவரி கொடுத்துவிட்டாள்.

"பின்னாடி தெருவுல புதுசா என்னமோ உருக்குறாங்கடி."

மறுநாள் அதே வாடை மேம்பாலத்தில் வந்தது. "காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றாள். அதற்கடுத்த நாள் திருமுல்லைவாயிலில் குப்பை எரிப்பவர்கள்மேல் பழி விழுந்தது. நான்காம் நாள் கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். வாடை கூடவே வந்து நின்றது. பழி போட அங்கே ஒரு தொழிற்சாலையும் இல்லை.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்று வீடு தள்ளி யார் கடுகு தாளித்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"என்னாடி கொளுத்திட்டு வந்திருக்கே?" என்று முந்தானையால் மூக்கை மூடினாள்.

விஷயம் அங்கேதான் பெரிதானது. வரும் திங்கட்கிழமை காலை அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரி குமணன்சாவடியில். ஓசூரில் வேலை பார்க்கும் அத்தான் நேராக அங்கே வந்துவிடுவார். வீட்டிலிருந்து அழைத்துப்போவது என் பொறுப்பு என்று நானே கேட்டு வாங்கியிருந்தேன். கார் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் பழைய கார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருடம் தொழிற்சாலையில் இருந்தவர், கருகல் என்றால் என்னவென்று தெரிந்தவர்.

"புள்ளத்தாச்சிய இதுல ஏத்த மாட்டேன். நம்ம ஆட்டோக்காரன்கிட்ட சொல்லிடறேன்."

"அந்த ரோட்ல ஆட்டோல போனா பருத்திப்பட்டுலயே பொறந்துடும்ப்பா. அப்புறம் பேரும் பருத்தின்னே வெச்சிடலாம்" என்றாள் அக்கா.

அப்பா சிரித்துவிட்டார். சிரித்ததால்தான் கெடு கிடைத்தது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள நாத்தம் நிக்கணும். இல்லாட்டி ஆட்டோதான்."

தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. எந்தக் கோளாறு வந்தாலும் நான்கு தலைப்பு போட்டுக் காரணம் தேடுவோம்: ஆள், இயந்திரம், பொருள், முறை. அன்றிரவே போனில் பட்டியல் போட்டேன். ஹேண்ட் பிரேக்கை இறக்காமல் ஓட்டுகிறேனா? இல்லை. ஆயில் ஒழுகுகிறதா? காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் அதன்மேல் பூனைதான் படுத்திருந்தது. சைலன்சரில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா? இல்லை. மிச்சம் இருந்தது கிளட்ச். 'ஆள்' என்ற தலைப்பின்கீழ் மட்டும் எதுவும் எழுதவில்லை. ஓட்டுகிற ஆள்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை அரைநாள் ஷிஃப்ட் முடிந்து நேராக ஆவடியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியிருக்கும், எத்தனை நாள் ஆகும் என்றுதான் ஆரம்பித்தேன்.

"இரும்மா. டாக்டரு பாக்கறதுக்குள்ளயே ஆபரேசனா?" என்றார் அவர். காரின் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டார். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. "பாத்தியா, புடிக்குது. பிளேட்டு நல்லாதான் கீது."

பிறகு செருப்பைக் கடை வாசலிலேயே கழற்றிவிட்டு ஏறி, மார்க்கெட் நெரிசலுக்குள் ஒரு சுற்று ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை.

"இன்னாமா, நாத்தத்த ஊட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?"

அடுத்த சுற்று நான் ஓட்டினேன். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் வாடை வந்துவிட்டது. அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டார்.

அதே கார், அதே சாலை, அதே நெரிசல். மாறியது ஒன்றுதான். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

சேஃப்டி ஷூ போட்டிருந்தேன். முன்பக்கம் இரும்புக் கவசம், கீழே விரற்கடை உயரத்துக்கு ரப்பர். கம்பெனியில் புது ஜோடி கொடுத்துச் சரியாகப் பத்து நாள் ஆகியிருந்தது. அது இல்லாமல் வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது நான்தான். அதனால் கழற்ற மனம் வராமல், தினமும் வீடுவரை அதைப் போட்டுக்கொண்டே ஓட்டிவந்தேன்.

"காலு எங்க கீது பாரு" என்றார் மெக்கானிக்.

"எடுத்துட்டேன் அண்ணா."

"எங்க எடுத்த? பெடல் மேலயே கீது. குதிரைக்கி லாடம் அடிச்சா மாரி இத்த மாட்டிகினு வந்தா, நீ அமுத்தறது உனக்கு எப்டித் தெரியும்? கிளட்ச்சுக்குத்தான் தெரியும், உரசி உரசிக் கருகுது."

பட்டியலில் 'ஆள்' என்பதற்கு எதிரே என் பெயரை எழுதினேன்.

ஆனால் ஷூ பாதிக் காரணம்தான். மறுநாள் வெள்ளானூர் பக்கம், கல் மட்டும் நட்டு இன்னும் வீடு வராத மனைத் தெருக்களில், மெல்லிய கேன்வாஸ் ஷூவோடு ஓட்டிப் பழகினேன். பின்சீட்டில் அக்கா. எங்கள் தொழிற்சாலையில்கூட அவள் மூக்கைப் போல ஒரு கருவி கிடையாது. "வருது... லேசா வருது" என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் கவனித்தேன். வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில், காலை முழுதாக விடாமல் பாதியில் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுரோட்டில் ஒரு பெண்ணின் கார் நின்றுபோனால் பின்னாலிருந்து என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் ஐந்து மாதமாகக் கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஒன்று முழுதாக மிதி, இல்லை முழுதாக விடு. நிற்கிற இடத்தில் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும். ஆறு முறை வண்டி நின்றது.

"நின்னா நிக்கட்டுமே. நாத்தம் இல்ல பாரு" என்றாள் அக்கா.

மாலையில் அப்பா கார் கதவைத் திறந்து, குழம்பில் உப்புப் பார்ப்பவர் போல ஒரு முறை மோந்தார். "ம்" என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அம்மாவும் அக்காவும் பின்னால் ஏறினார்கள். முன்சீட்டில் பைகள் நிறைந்திருந்தன. "நான் வந்துக்கறேன், நீங்க கெளம்புங்க" என்றார் அப்பா. பஸ்ஸில் வருவார் என்று நினைத்தேன். பாலத்து ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, விட்டு, பின்னோக்கி உருளாமல் ஏறினேன். வாடை இல்லை. கண்ணாடியில் ஒரு ஆட்டோ தெரிந்தது. சென்னீர்க்குப்பத்திலும் அதே ஆட்டோ தெரிந்தது.

குமணன்சாவடி நெரிசலில், நான் பயந்தது போலவே கார் நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலோரம் குனிந்து, "இன்னாக்கா, தூங்கிட்டியா?" என்றான்.

நான் வாய் திறப்பதற்குள் பின் ஜன்னலிலிருந்து அக்காவின் தலை வெளியே போனது. "ஆமாண்டா! புள்ள பொறந்ததும் எழுப்பறோம், நீ போ!"

அவன் சிரித்துக்கொண்டே பின்னால் திரும்பி, கையைக் காட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினான். நியூட்ரல், சாவி, முதல் கியர். கிளட்ச்சை விட்டேன். கார் நகர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் ஆட்டோவும் பின்னால் வந்து நின்றது. அப்பா இறங்கினார். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார்: "கோவில்பதாகைலேந்து உன் பின்னாலயே உருட்டிகினு வரேன்மா. ஓவர்டேக் பண்லாம்னா சார் வுடவே மாட்டேன்றாரு."

அப்பா யாரையும் பார்க்காமல் என் காரின் பானெட்டருகே போய்க் குனிந்து மோந்தார். நிமிர்ந்து ஆட்டோக்காரரிடம், "நீ கெளம்புப்பா. திரும்பறப்போ நான் கார்லயே வந்துக்கறேன்" என்றார்.

அதற்குள் வீல்சேரில் உட்கார்ந்துவிட்ட அக்கா எங்களைப் பார்த்துக் கேட்டாள். "நான் உள்ள போலாமா, இல்ல இன்னும் மோந்து பாக்கணுமா?"