மவுஸ் வெளிச்சம் மங்கியதைக் கவனித்தவர்

2007-ஆம் வருடம். ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு வயர் செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். விருதுநகர் பக்கமிருந்து வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் சம்பந்தமாக எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை பதினொரு மணிக்கு, பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் அதிகாரி பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை எங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பியவர்கள். இந்த முறையும் திருப்தியில்லை என்றால் அந்தச் சரக்கைத் தயாரிக்கும் லைனையே மூடிவிடுவதாகப் பேச்சு. அதில் நாற்பது பேர் வேலை செய்தார்கள்.

மீட்டிங் ஹாலில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் ரிப்போர்ட், இன்னொன்றில் வயர் முனையைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப் கேமராவின் படம். இரண்டையும் ஒரே திரையில் மாற்றி மாற்றிக் காட்ட ஒரு சுவிட்ச் பெட்டி வாங்கியிருந்தோம். பட்டனை அழுத்தினால் திரை மாறும். பெட்டியின் யுஎஸ்பி துளைகளில் செருகியிருக்கும் மவுஸ், கீபோர்டு, மைக்ராஸ்கோப் எல்லாம் திரையில் தெரியும் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். எனக்கு ரொம்பப் பிடித்துப்போன பெட்டி.

பத்து மணிக்கு மைக்ராஸ்கோப்பைச் செருகினேன். மவுஸ் நின்றுவிட்டது. பிடுங்கினால் நகர்ந்தது. துளை மாற்றினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியே பழுது என்று மேனேஜரிடம் போனில் சொல்லிவிட்டேன்.

அப்போது சாம்பிள் தட்டோடு லைனிலிருந்து ஒரு பெண் வந்து நின்றார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். வயர் முனையில் டெர்மினல் என்கிற சின்ன உலோகத் துண்டை வைத்து மெஷினில் அழுத்துவது அவர் வேலை.

“சார், அந்தக் கேமரா லைட்டு எரிஞ்சா மவுசு அடியில செவப்பு லைட்டு கம்மியாவுது, பாத்தீங்களா?”

“அது சாஃப்ட்வேர் விஷயம்மா. தட்ட வச்சிட்டுப் போங்க.”

அவர் போகவில்லை. “இல்லீங்க சார். எல்லாத்துக்கும் இந்தப் பொட்டியில இருந்துதான கரண்ட்டு போவுது? பொட்டிக்கு எங்கிருந்து வருது?”

எனக்குச் சுருக்கென்றது. பெட்டியோடு ஓர் அடாப்டர் வந்திருந்தது. அது இல்லாமலே பெட்டியில் விளக்கு எரிந்ததால், தேவையில்லை என்று அட்டைப்பெட்டியிலேயே விட்டிருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து வந்த மெல்லிய யுஎஸ்பி வயரின் மின்சாரம் மவுஸுக்கும் கீபோர்டுக்கும் போதும். மைக்ராஸ்கோப்பின் விளக்கும் சேர்ந்தால் போதாது. ஓடிப்போய் அடாப்டரை எடுத்து வந்து மாட்டினேன். எல்லாம் வேலை செய்தது.

பட்டனை அழுத்திப் பார்த்தபோது மைக்ராஸ்கோப் படம் உடனே வரவில்லை. பதற்றத்தில் மறுபடியும் அழுத்தப் போனேன்.

“கொஞ்சம் பொறுங்க சார். இங்க விட்டு அங்க போயி சேரணும்ல” என்றார்.

நாலைந்து நொடியில் படம் வந்தது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கம்ப்யூட்டர் அதைப் புதிதாக அடையாளம் காண வேண்டும். அவசரப்பட்டு மறுபடி அழுத்தியிருந்தால் நானே காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

பட்டனை அழுத்த அவரையே உட்காரச் சொன்னேன். மீட்டிங்கில் வந்திருந்த அதிகாரி, திரையில் தெரிந்த டெர்மினலைக் காட்டி, உள்ளே கம்பி இழை அறுபடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நான் பதிலைத் தேடி ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பட்டனருகில் இருந்த அந்தப் பெண், அதிகாரிக்குப் புரியும்படி கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார்: மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அந்தப் பீஸைத் தனியே போட்டுவிடுவேன், சூப்பர்வைசர் பார்க்காமல் அடுத்ததை வைக்க மாட்டேன் என்று. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். லைன் மூடப்படவில்லை.

சாயங்காலம் மேனேஜர் என்னைப் பாராட்டினார். தப்பு என்னுடையது, கண்டுபிடித்தது அந்தப் பெண் என்று சொன்னேன். அவரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

“நான் பாத்ததச் சொன்னேன் சார். அடாப்டர் எடுத்தாந்து மாட்டுனது சார்தான்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

தட்டை வைத்துவிட்டுப் போகச் சொன்னவனை மேனேஜர் முன்னால் விட்டுக்கொடுக்காமல் பேசிய அந்தப் பெருந்தன்மை, எனக்குத் தெரியும் என்று வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்றுவரை என்னை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கிறது.