தராசக்கா

"மூச்சைப் பிடிச்சா எடை குறையாது டாக்டர். விடுங்க."

பல் மருத்துவர் மூச்சை விட்டார். முள் அசையவில்லை. தராசக்கா எண்ணைப் பலகையில் எழுதி, யாரும் பார்க்காதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒருவர் எடையை இன்னொருவரிடம் சொன்னதில்லை. "சொல்லியிருந்தா பாதிப் பேர் வீட்டுல சண்டை" என்பாள்.

தீவுக்குப் போகும் குட்டி விமானம் அது. ஆளையும் பெட்டியையும் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். கல்யாணமான மறுவாரமே அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. அப்போது கம்பெனி என்றால் கணவர், அவர் ஓட்டிய ஒரு பழைய விமானம், தபால் மூட்டை. மூட்டை போக மிச்ச இடத்தில் பயணிகள். பிறகு மூன்று விமானங்கள் ஆயின. கொஞ்ச காலம் அவளுக்குக் கம்பெனித் தொப்பிகூட இருந்தது. வேகப்படகு வந்ததும் இரண்டை விற்றார்கள். இந்த மழைக்காலத்தில் கணவர் இறந்தார். மிச்சமிருந்த ஒன்றும் கொட்டகைக்குள் நின்றது.

இன்று மறுபடியும் முதல் பயணம். ஓட்டப்போவது மகள். இந்தப் பயணிகளும் படகுக்குப் போய்விட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

"பாப்பா ஓட்டுறப்ப நடுவுல தூங்கிட மாட்டாளே?" என்றார் தையல்காரர்.

"நீங்க வாயை மூடினாத்தானேண்ணே அவ கண்ணை மூடுவா!"

வரிசை சிரித்தது. ஆனால் அவருடைய மூட்டை தராசில் ஏறியதும் கணக்கு இடித்தது. இருபது கிலோ அதிகம். உள்ளே பள்ளிச் சீருடைகள். தீவில் நாளை பள்ளி திறக்கிறது.

"மூட்டை வராதுண்ணே."

"அது வராம நான் போய் என்னக்கா பண்ண? படகுலயே போயிக்கிறேன்."

"என் சாப்பாட்டை வேணா இறக்கிடறேன்" என்றார் பல் மருத்துவர்.

"அதைத்தான் வீட்டுலயே ஏத்திட்டு வந்துட்டீங்களே!"

சிரிப்பு வந்தது, எடை குறையவில்லை. அந்த விஷயத்தில் அவள் கணவருக்கே விட்டுக்கொடுத்ததில்லை. தையல்காரர் மூட்டையைத் தோளில் ஏற்றினார். பின்னால் நின்ற இருவரும் படகுக்கே போகத் தங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டார்கள்.

"இருங்க. இன்னொரு தரம் கூட்டிப் பாத்துடறேன்."

விரல் வைத்து மேலிருந்து வந்தாள். முதல் வரியிலேயே விரல் நின்றது. விமானி, எழுபத்தெட்டு. கை பழக்கத்தில் எழுதியிருந்தது. கணவரின் எடை.

அவள் விமானத்தைப் பார்த்து, "ஏய், இறங்கி வாடி இங்க!" என்று கத்தினாள்.

மகள் ஓடிவந்து தராசில் ஏறினாள். ஐம்பத்தைந்து.

தராசக்கா முதல் வரியை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தாள். புது எண்ணை எழுதினாள். சாக்பீஸ் தூள் படிந்த கையாலேயே மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் தூக்குங்கண்ணே."