கூலர் தொட்டியில் அல்லி

லோதி ரோடு குவார்ட்டர்ஸ் பால்கனியில், உடைந்த ஏர் கூலரின் அடித்தொட்டியில் மண்ணும் தண்ணீரும் நிரப்பி அல்லி வைத்தேன். "கொசு வளக்குறீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த கீழ்வீட்டு மதுரைக்காரர் ஒருநாள் புகாரே கொடுத்துவிட்டார்.

டெங்கு சோதனைக்கு வந்தவர் தண்ணீரை மொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கொசுப்புழுகூட இல்லை. நான் விட்டிருந்த கப்பி மீன்கள் அத்தனையையும் தின்றிருந்தன. "அச்சா" என்று இறங்கியவர், வந்த கையோடு கீழ்வீட்டுக் கூலரையும் திறந்தார். அதில் புழுக்கள் நெளிந்தன. மாடிப்படியில் நின்று கூச்சமே இல்லாமல் வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் காலையில் மதுரைக்காரர் காலி ஊறுகாய் பாட்டிலோடு வந்தார்.

"நாலு மீனு கிடைக்குமா சார்?"

அன்றுதான் முதல் அல்லி மலர்ந்திருந்தது. அழகாயிருக்கிறது என்று அவர் வாயால் சொல்லும்வரை, மீன் பிடிக்கும் டீ வடிகட்டியை நான் கையில் எடுக்கவில்லை.