நாலாவது லாச்சி

வார்னிஷ் மணமும் இடியப்ப ஆவியும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எங்கள் வெள்ளவத்தை வாடகை அனெக்ஸ் மூன்று கிழமை அப்படித்தான் மணத்தது. இருந்தது ஒரே அறை. நடுவில் அப்பா பலகை அரிந்துகொண்டிருப்பார், மூலையில் அம்மா சமைத்துக்கொண்டிருப்பார். மரத்தூள் சொதிக்குள்ளும் விழும்...

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடமாக எங்கள் உடுப்பெல்லாம் சூட்கேசுக்குள்தான் கிடந்தன. எனக்குப் புறக்கோட்டையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்த பிறகுதான் உடுப்பு வைக்க இழுப்பறைகள் உள்ள ஒரு லாச்சி அலுமாரி வாங்குவோம் என்ற பேச்சே வந்தது.

காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினோம். அம்மாவுக்கு உயரமாக, கடைந்த கால் வைத்தது பிடித்தது. எனக்கு அகலமாக, பதிவாக, மேலே கண்ணாடி வைத்தது வேண்டும். விலையைக் கேட்ட அப்பா எங்கள் இருவரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதென்ன பெரிய வித்தையே? நாலு பெட்டியை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினாச் சரி."

அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் பேனை பிடித்தவர். உளி பிடித்து நான் கண்டதே இல்லை.

மரக்காலையில் மலிவான பலகை வாங்கித் திரீவீலரில் கட்டிக்கொண்டு வந்தார். கடைந்த காலும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு லாச்சி இடப்பக்கம் சரிந்தது. கடல் காற்றுக்கு மரம் ஊதி, இன்னொன்று இழுபடாமல் அடம்பிடித்தது. விளிம்பெல்லாம் சவர்க்காரம் தேய்த்து ஒருமாதிரி ஓடவைத்தார். அப்பாவின் நடையைப் பார்க்க வேண்டுமே... துறைமுகத்தையே கட்டி முடித்த மாதிரி!

மேல் லாச்சி அப்பாவுக்கு, அடுத்தது அம்மாவுக்கு, மூன்றாவது எனக்கு. நாலாவது தம்பிக்கு.

தம்பி எங்களோடு இல்லை. ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு வருகிறேன் என்று யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் நின்றான். பிறகு சண்டையில் பாதை பூட்டுப்பட்டுவிட்டது. கடைசிக் கடிதம் வந்து எட்டு மாதம். அம்மா தீபாவளிக்கு ஒன்று, அவன் பிறந்தநாளுக்கு ஒன்று என்று சேர்ட் வாங்கி, குண்டூசியும் மட்டையும் கழற்றாமல் அந்த லாச்சிக்குள் அடுக்கினார்.

வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிசில் பதிந்த துண்டில் எங்கள் வீட்டுக்கு மூன்று பெயர்தான். லாச்சி நாலு என்பதை யோசிக்க எங்கள் ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

ஒரு ஞாயிறு காலை எங்கள் லேனைச் சுற்றி வளைத்தார்கள். ஒரு அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும் உள்ளே வந்தார்கள். அதிகாரி துண்டை வாசித்தார், எங்களை எண்ணினார். பிறகு லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்தார். நாலாவது இறுகிக்கிடந்தது. ஒரு ஆமிக்காரன் காலை முண்டுகொடுத்து இழுத்தான்.

அதிகாரி ஒரு சேர்ட்டை எடுத்து அப்பாவின் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். அப்பாவின் வயிற்றுக்கு அது பாதிகூடக் காணாது.

"மே கமிசே காகெத?"

இந்தச் சேர்ட் யாருடையது என்று கேட்கிறார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும், ஆனால் எதைச் சொல்வது? பத்தொன்பது வயதுப் பெடியன், யாழ்ப்பாணத்தில் நிற்கிறான் என்று சொன்னால் யார் நம்புவார்? வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்பார்கள். அல்லது இயக்கத்தில் இருக்கிறான் என்பார்கள்.

மூன்று பேருக்கு எதற்கு நாலு லாச்சி, நாலாவது ஆள் எங்கே என்று அவர் திரும்பக் கேட்டார். அப்பாவை உடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பக்கத்து லேனிலிருந்து அப்படிப் போன ஒருவர் அப்போதும் திரும்பியிருக்கவில்லை.

அப்போதுதான் அம்மா இடியப்ப மாக்கையோடு முன்னால் வந்தார். சந்தையில் மரக்கறி வாங்கப் பழகிய சிங்களம்தான் அவருக்குத் தெரியும்.

"மகே புத்தாகே, மஹத்தயா. புத்தா மெறுனா."

என்னுடைய மகனின் சேர்ட். மகன் செத்துப்போனான்.

அப்பா கட்டிலில் இருந்துவிட்டார். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினார். அப்பா அழுது நான் கண்டது அன்றுதான். அதிகாரி சேர்ட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

சப்பாத்துச் சத்தம் கேற்றைத் தாண்டியதும் அப்பா அம்மாவைக் கேட்டார்:

"எப்ப செய்தி வந்தது? ஏன் எனக்குச் சொல்லேல்லை நீர்?"

"ஐயோ, என்னப்பா... செய்தி ஒண்டும் வரேல்லை. உங்களைக் கொண்டுபோகப் போறாங்கள் எண்டுதான்..."

நாலைந்து நாள் அப்பா நம்பவில்லை. என் ஹேண்ட்பேக்கைக்கூடத் திறந்து கடிதம் தேடினார். அம்மாவுக்கு வேறு பயம். "என்ர வாயால சொல்லிப்போட்டனே, பிள்ளை" என்று என்னைக் கட்டிப்பிடித்து அழுவார். தினமும் பிள்ளையார் கோயில், ஒருநேரச் சாப்பாடு. தம்பியின் அடுத்த கடிதம் வர இன்னும் பதினொரு மாதம் எடுத்தது. அம்மா சொன்னது பொய்தானா என்று எங்களுக்கே தெரியாமல் பதினொரு மாதம்...

போன கிழமை என் மகள் ஒன்லைனில் ஒரு லாச்சி அலுமாரி எடுப்பித்தாள். மட்டைப் பெட்டிக்குள் பலகை, ஸ்குரூ, படம் போட்ட தாள். ஒரு மணித்தியாலத்தில் பூட்டிவிட்டாள். ஒரு விரலால் தள்ள, சத்தமில்லாமல் ஓடுகிறது. அதில் ஆறு லாச்சி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர். யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

தம்பி இப்போது டொரோண்டோவில் இருக்கிறான். இதை அவனும் வாசிப்பான். அம்மா இருந்தவரை இந்தக் கதையை அவனுக்குச் சொல்ல விடவில்லை.

டேய் தம்பி, நீ கோல் எடுத்தால் அம்மா ஒன்றும் கதைக்க மாட்டார். "நீ கதை, நீ சும்மா கதை" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். உனக்கு எரிச்சல் வரும். அம்மா ஏன் இப்படி என்று என்னைக் கேட்டாய். இதுதான் காரணம்.

இப்போது அம்மாவும் இல்லை. நீ இரண்டு ஞாயிறு எடுக்காவிட்டால் எனக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்குகிறது. உனக்கு வேலை கூட என்று தெரியும். ஒரு நிமிஷம் எடு. ஏதாவது கதை.