கூப்பிட்டால் திரும்பாதவள்

என் கணவரின் தம்பி மனைவிக்கும் எனக்கும் இரண்டு மாத இடைவெளியில் பெண் குழந்தைகள் பிறந்தன. குமாரபாளையத்தில் எங்கள் தறிப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் கீழே அவர்கள், மாடியில் நாங்கள். ஒரே வாசலில் வளரும் குழந்தைகளை ஒப்பிடாமல் யாரால் இருக்க முடியும்? நானும் ஒப்பிட்டேன். என் மகளுக்கு அடமில்லை, தனியாக விட்டாலும் மணிக்கணக்கில் அழாமல் இருப்பாள் என்று தம்பி மனைவியின் முகத்துக்கு நேராகவே பெருமையடித்தேன்.

இரண்டு வயது முடிந்த சமயம். ஒருநாள் மதில்மேல் குரங்கு ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் மகள் விரலை நீட்டிக் கத்தினாள், எங்களைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடியும் நீட்டினாள். என் மகள் மூன்று சக்கர சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. தம்பி மனைவி என் மகளைப் பேர்சொல்லி நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

“அக்கா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. பாப்பா கூப்புட்டாத் திரும்பவே மாட்டேங்குதுங்க்கா. எதையும் கைநீட்டிக் காட்டறதும் இல்ல. ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க.”

“உம் புள்ள நாலு வார்த்தை பேசுதுன்னு திமிரா உனக்கு? எம் புள்ளைய நொட்டை சொல்ற வேலை வெச்சுக்காத!”

“நல்லதுக்குத்தானுங்க்கா சொன்னேன்.”

“உன்ற நல்லதை உங்கூட்டோட வெச்சுக்க.”

கையிலிருந்த சொம்புத் தண்ணீரை அவள் காலடியில் வீசி ஊற்றிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். அத்தோடு விட்டேனா? அவள் என் குழந்தையைக் கண் வைத்துவிட்டாள் என்று மாமியாரிடம் சொன்னேன். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டதோடு, தெருவில் நாலு வீட்டிலும் சொல்லிவிட்டார்.

அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் நான் சோதித்துப் பார்த்தேன். மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பேர்சொல்லியும் செல்லமாகவும் கூப்பிட்டேன். “சாமி, இங்க பாரு.” பத்து முறை கூப்பிட்டும் அசைவில்லை. சமையலறைக்குப் போய் பிஸ்கட் பாக்கெட்டை மெதுவாகப் பிரித்தேன். நுனிக்காலில் ஓடி வந்தாள். காதில் குறையில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து என் கையைப் பாக்கெட்டின் மேல் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றரை வயதில் ‘காக்கா’ என்று சொன்னவள். அந்தச் சொல் எப்போது நின்றது என்று யோசித்தேன், எனக்கு நினைவில்லை. ஆத்திரத்தில் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, “என்னையப் பாருடி” என்று கத்தினேன். அவள் வீறிட்டு அழுதாள். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

கணவரிடம் சொன்னேன். “எங்கப்பனே மூணு வயசுலதான் பேசுனாராமா. உங்க ரெண்டு பேத்துக்கும் வேற பொழப்பு இல்லியா?” என்றார்.

“உங்கப்பா கூப்புட்டாத் திரும்பிப் பாத்தாரான்னு கேட்டுட்டு வாங்க” என்றேன்.

குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டத் தனியாகத்தான் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். முன்சீட்டுப் பெண்மணி திரும்பி, “புள்ள வளக்கத் தெரியாதவ எல்லாம்” என்று ஆரம்பித்தாள். “மூடிட்டு முன்னாடி பாருங்க” என்றேன்.

மருத்துவர் தரையில் உட்கார்ந்து மகளோடு வெகுநேரம் விளையாடிப் பார்த்தார். விரல் நீட்டிக் காட்டுவாளா என்று கேட்டார்.

“சில நேரம் காட்டுவாளுங்க” என்று பொய் சொன்னேன்.

“கடைசியா எதைக் காட்டுனா?”

“காட்டுனதே இல்லீங்க” என்றேன். ஆட்டிசம் என்றார். “நீங்க வளத்ததால வந்ததில்லம்மா. சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க. பயிற்சியை இப்பவே ஆரம்பிச்சிரலாம்.” சீக்கிரம் வந்ததற்குக் காரணம் நானில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாராட்டு கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்ததும் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். “நீ சொன்னது சரிதான்” என்றேன்.

“ஊரு பூராக் கண்ணு வெச்சவன்னு பேரு வாங்கிக் குடுத்துட்டு, இப்ப வந்து சரிங்கறீங்களா? எம் புள்ள மாடிக்கு வந்தா அத்தை உங்க புள்ளைய முந்தானையில மூடறாங்க. போங்க்கா.” கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் நான்; கேட்காமலேயே கோபத்தோடு படியேறினேன்.

மூன்று வருடம் ஆகிறது. இப்போது பயிற்சிக்குக் கணவரே வண்டியில் கூட்டிப்போகிறார். அப்பா கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை. மகள் ‘தண்ணி’ என்கிறாள், ‘வேண்டா’ என்கிறாள். பெயர் சொன்னால் பாதி நேரம் திரும்புகிறாள். கீழ்வீட்டுப் பெண் பள்ளி விட்டு வந்ததும் நேராக இவளிடம்தான் வருவாள். பின்னாலிருந்து கூப்பிட மாட்டாள். முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிட வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது நீதானா என்று அவள் அம்மாவிடம் நான் கேட்டதும் இல்லை.